ராபின் ஹூட் தொடர்களில் வரலாற்றை எங்கே தேடுவது?

ஷெர்வுட் காட்டில் ஒளிந்து வாழ்ந்து, பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆங்கிலக் கொள்ளைக்காரனைப் பற்றி பிபிசி 2006 முதல் 2009 வரை ஒளிபரப்பிய ‘ராபின் ஹூட்’ தொடரை மகளோடு சேர்ந்து பார்த்து முடித்திருக்கிறீர்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கதையில் எல்லோரும் இன்றைய கடையில் வாங்கியது போன்ற முக்காட்டுச் சட்டையோடு திரிகிறார்களே, ராபின் ஹூட் என்று ஒருவன் உண்மையில் வாழ்ந்தானா, இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை, மகளிடம் எதைத் தவறு என்று எடுத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் உடை பற்றிய கேள்விதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். என் பார்வையில் அது இருப்பதிலேயே மிகச் சிறிய பிழை. உடை பொருந்தவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. அதனால் யாரும் ஏமாறுவதில்லை. யார் கண்ணிலும் படாமல் மனத்தில் இறங்கிவிடும் பிழை வேறொன்று உண்டு. இங்கிலாந்தின் நல்ல அரசர் ரிச்சர்ட் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் இல்லாததால்தான் மக்கள் துன்பப்படுகிறார்கள், அவர் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் அது. கதை முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். ஆனால் அதற்கு முன் ராபின் யார் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

ராபின் ஹூட் என்ற ஒரு தனிமனிதனை எந்த ஆவணத்தைக் கொண்டும் உறுதியாக அடையாளம் காட்ட முடியவில்லை. பெயர் மட்டும் கிடைக்கிறது. 1226-ஆம் ஆண்டு அரச கருவூலக் கணக்கில் யார்க்‌ஷையரைச் சேர்ந்த ராபர்ட் ஹாட் என்ற தலைமறைவுக் குற்றவாளியின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டு, அவற்றின் மதிப்பு 32 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பதியப்பட்டிருக்கிறது. அவன் என்ன குற்றம் செய்தான், பின்னர் என்ன ஆனான் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. இதைவிடச் சுவையான பதிவு 1262-இல் வருகிறது. பெர்க்‌ஷையரில் கொல்லன் ராபர்ட்டின் மகன் வில்லியம் என்பவன் நீதிமன்றத்துக்கு வராமல் ஓடிவிட்டான். அவன் பெயரைப் பின்னர் எழுதிய எழுத்தர் ‘வில்லியம் ராபெஹாட்’ என்று மாற்றி எழுதிவிட்டார். ஓடிப்போன ஒருவனுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்ட ஓர் அரசு எழுத்தருக்குத் தோன்றியிருக்கிறது என்றால், அதற்குள் அந்தப் பெயர் ஊரறிந்த பெயராகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று நம் செய்தித்தாள்கள் யாரோ ஒரு திருடனை ‘இந்த ஊர் ராபின் ஹூட்’ என்று எழுதுகின்றன அல்லவா, அந்த வழக்கம் அவ்வளவு பழையது. ராபர்ட் என்பதும் ஹூட் என்பதும் அக்கால இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருந்த பெயர்கள் என்பதால், மூல மனிதனைத் தேடிப் போகிறவர்களுக்கு எப்போதும் யாராவது ஒருவர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பாட்டாக அவன் கதை பாடப்பட்டதற்கு 1377-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு கவிதையில் முதல் சான்று இருக்கிறது. வில்லியம் லாங்லண்டின் அந்தக் கவிதையில் சோம்பேறியான ஒரு பாதிரியார், கர்த்தரின் ஜெபம் தனக்குச் சரியாகத் தெரியாது என்றும் ராபின் ஹூட் பாட்டுகள் தெரியும் என்றும் ஒப்புக்கொள்கிறார். ராபின் எந்தக் காலத்தவன் என்று ஆண்டு குறிக்க முதலில் முயன்றவர்கள் மூவர், மூவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1420-ஐ ஒட்டி எழுதிய ஆண்ட்ரூ விண்டன் அவனை 1283-இல் வைத்தார். 1440-களில் எழுதிய வால்டர் போவர் 1266-இல் வைத்தார். 1521-இல் ஜான் மேஜர் 1193–94-இல், அதாவது ரிச்சர்ட் அரசர் சிறைப்பட்டிருந்த நாட்களில் வைத்தார். இந்த மூன்றாவது முடிவுதான் நிலைத்துவிட்டது. இன்று எந்தத் தொலைக்காட்சித் தொடரைத் திறந்தாலும் ரிச்சர்டும் அவர் தம்பி இளவரசர் ஜானும் வருகிறார்கள் என்றால், அது மக்கள் வழக்கிலிருந்து வந்ததன்று. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேராசிரியர் செய்த ஊகத்திலிருந்து வந்தது. பழைய கதைப்பாடல்களில் மிக நீளமானதில் அரசராக வருபவர் எட்வர்ட். எந்த எட்வர்ட் என்று பாடல் சொல்லவில்லை. 1272 முதல் 1377 வரை இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட மூவருக்கும் அதுதான் பெயர். ராபின் பிரபு குலத்தவன், ஹண்டிங்டன் கோமகன் என்பதும் பழைய பாடல்களில் இல்லை. அவற்றில் அவன் ‘யோமன்’, அதாவது பிரபுவும் அல்லாத, பண்ணையடிமையும் அல்லாத சுதந்திரக் குடியானவன். 1598-இல் லண்டன் நாடக மேடைக்காக ஆண்டனி மண்டே எழுதிய நாடகங்கள்தான் அவனுக்குப் பட்டம் கொடுத்தன. ராபினின் காதலி மேரியன் தனியாக மே மாதத் திருவிழா ஆட்டங்களின் வழியாக வந்து கதையில் சேர்ந்தவள்.

பிபிசி தொடரின் ராபின் போரில் சலித்துப்போன வீரன். முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது என்று தன் கூட்டத்தாரைக் கட்டுப்படுத்துகிறவன். தொடரில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான். ஆனால் பழைய பாடல்களின் ராபினுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. கிஸ்பர்ன் ஊரைச் சேர்ந்த ‘கை’ (Guy) என்பவனைப் பற்றிய பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் கறுப்புத் தோலுடையில் மிடுக்காக வருகிறாரே, அதே ‘கை’ என்பவன்தான். பாடலில் அவன் ராபினின் தலைக்கு விலை பேசி வந்த கூலிக் கொலைகாரன். ஒரு குதிரையின் முழுத்தோலை, தலையும் வாலும் பிடரி மயிரும் அப்படியே இருக்க, மேலே போர்த்திக்கொண்டு காட்டுக்குள் நிற்கிறான். இருவரும் விற்போட்டி வைக்கிறார்கள், பிறகு வாளெடுத்துச் சண்டையிடுகிறார்கள், ராபின் அவனைக் கொன்று தலையை வெட்டுகிறான். அத்தோடு நிறுத்தவில்லை. அந்தத் தலையைத் தன் வில்லின் நுனியில் செருகி, கத்தியால் முகத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி கீறிச் சிதைக்கிறான். பின்னர் அந்தக் குதிரைத்தோலைத் தானே போர்த்திக்கொண்டு, செத்தவனின் கொம்பை ஊதியபடி ஷெரிஃபை, அதாவது அந்த மாவட்டத்தில் அரசரின் அதிகாரியை, ஏமாற்றப் போகிறான். இந்தப் பாடல் நமக்குக் கிடைத்ததே ஒரு தற்செயல். 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் தாள்களை ஒரு வீட்டுப் பணிப்பெண்கள் கணப்பு மூட்டக் கிழித்துக்கொண்டிருந்தபோது, பழம்பாடல்களைத் தொகுத்த தாமஸ் பெர்சி அதைப் பார்த்துக் கேட்டு வாங்கிக் காப்பாற்றினார்.

15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிய கையெழுத்துப் பிரதி ஒன்றில் உள்ள, துறவியைப் பற்றிய பாடல் இதைவிடக் கடுமையானது. அன்னை மரியாள் மீது பெரும் பக்தி கொண்ட ராபின், நாட்டிங்ஹாமில் உள்ள தூய மரியாள் ஆலயத்துக்குத் திருப்பலி காணப் போகிறான். ஒரு துறவி அவனை அடையாளம் கண்டு காட்டிக்கொடுக்கிறார். ராபினின் கூட்டாளிகளான லிட்டில் ஜானும் மச்சும் அந்தத் துறவியை வழியில் மடக்குகிறார்கள். ஜான் துறவியின் தலையை வெட்டுகிறான். துறவியோடு வந்த எடுபிடிச் சிறுவனை, அவன் போய்ச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மச் கொல்கிறான். தொடரில் ராபினின் பின்னாலேயே சுற்றும் அந்த அப்பாவி மச்சேதான். அக்காலக் கேட்போர் இதைக் கேட்டு முகம் சுளித்ததாகப் பாடல் எங்கும் காட்டவில்லை. கதை அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பதும் இந்தப் பழைய பாடல்களில் மையமாக இல்லை. நீண்ட பாடலின் கடைசியில் அவன் ஏழைகளுக்கு நிறைய நன்மை செய்தான் என்று ஒரு வரி வருகிறது. ஆனால் பாடலுக்குள் அவன் பெரிதாக உதவுவது, மடத்திடம் நிலத்தை அடகு வைத்துத் தவிக்கும் ஒரு குதிரைவீரப் பிரபுவுக்கு. கொடுப்பது 400 பவுன். அதுவும் கடனாக, மரியன்னையைப் பிணையாக வைத்து.

ஆகவே ‘மூலக் கதைக்கு உண்மையாக இருக்கிறதா’ என்று கேட்டால், எந்த மூலத்துக்கு என்ற கேள்வி எழுகிறது. 15-ஆம் நூற்றாண்டின் பாடல்களா, 1521-இன் வரலாற்று நூலா, 1598-இன் நாடகங்களா? ஒவ்வொரு தலைமுறையும் தன் கையில் கிடைத்த ராபினைத் தனக்கு ஏற்றபடி மாற்றித்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது. தொலைக்காட்சி அதே வேலையைத் தொடர்கிறது. ராபினை எப்படி மாற்றினாலும் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ராபினைச் சுற்றி நிற்கும் அரசர், ஷெரிஃப், காடு, சட்டம், வரி ஆகியவை கற்பனை அல்ல. அவற்றுக்கு ஆவணங்கள் இருக்கின்றன. கணக்குக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

வெளித்தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர் ஹங்கேரியில் படமாக்கப்பட்டது. உண்மையான நாட்டிங்ஹாம் கோட்டையில் எடுக்கவும் முடியாது, ஏனென்றால் மத்தியகாலக் கோட்டை 1651-இல் இடிக்கப்பட்டு, இன்று அந்தக் குன்றின் மேல் நிற்பது பின்னர் கட்டப்பட்ட மாளிகை. தொடரில் ராபின் ஏந்துவது கிழக்கத்திய பாணியில் முனை வளைந்த வில். அத்தகைய கூட்டு வில்கள் கொம்பும் நரம்பும் மரமும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்யப்படுபவை; இங்கிலாந்தின் ஈரக்காற்றில் அந்தப் பசை இளகும் என்பதால் அங்கே பராமரிப்பது கடினம். நாணை இழுத்துப் பிடித்தபடி எதிரியோடு நீண்ட வசனம் பேசும் காட்சிகள் எல்லாத் தொடர்களிலும் உண்டு. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட ‘மேரி ரோஸ்’ கப்பலில் கிடைத்த நெடுவில்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்குக் குறையாத விசை வேண்டும் என்றும், பலவற்றுக்கு அதைவிட மிக அதிகமாக வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். அது பிற்கால வில்தான், ஆனாலும் போர்வில் ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேச முடியாது என்பதைப் புரிந்துகொள்ள அது போதும்.

இனி காட்டுக்கு வருவோம். நாம் காடு என்றால் மரங்களை நினைக்கிறோம். அக்கால இங்கிலாந்தில் ‘ஃபாரஸ்ட்’ என்பது சட்டச் சொல். அரசரின் வேட்டைக்கென்று தனிச்சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பு அது. அதற்குள் புல்வெளியும் வயலும் ஊர்களும் இருந்தன. ரிச்சர்டின் தந்தை இரண்டாம் ஹென்றி காலத்தில் நாட்டின் கால்பங்கோ அதற்கு மேலோ இப்படி அரச வனமாக இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் வாழ்ந்த குடியானவன் தன் சொந்த நிலத்தில் மரம் வெட்டவும் புதிதாக உழவும் தண்டம் கட்ட வேண்டும். மானை அடித்தால் கடும் தண்டனை. இந்தச் சட்டத்தை நடத்தியவர்கள் வனக் காவலர்களும் வன நீதிபதிகளும். அது ஷெரிஃபின் சாதாரண நீதிமன்றத்திலிருந்து தனியான ஏற்பாடு. தொடர்களில் மான் திருடியவனை ஷெரிஃபே விசாரித்து ஷெரிஃபே தூக்கில் போடுவது திரைக்கு வசதியான சுருக்கம். எல்லாக் கொடுமைக்கும் ஒரே முகம் கிடைத்துவிடுகிறது. ஷெரிஃப் என்பவர் ஒரு மாவட்டத்தில் அரசரின் வருவாயைத் திரட்டி, குறிப்பிட்ட தொகையைக் கருவூலத்தில் கட்ட வேண்டிய அதிகாரி. அதற்கு மேல் வசூலிப்பது அவர் கைக்குப் போகும். அந்தப் பதவிக்குத் தனிப்பட்ட கொடூரன் வந்து உட்கார வேண்டிய தேவையே இல்லை. அந்த ஏற்பாடே மக்களைப் பிழிய வைக்கும்.

அந்த ஏற்பாட்டை மேலும் முறுக்கியவர் யார் என்று பார்க்கும்போதுதான் ரிச்சர்ட் வருகிறார். 1189 செப்டம்பர் 3-ஆம் தேதி முடிசூடிய அவர், சிலுவைப் போருக்குப் பணம் திரட்ட, இருந்த ஷெரிஃப்களில் பெரும்பாலோரை நீக்கிவிட்டுப் பதவிகளை விலைக்கு விற்றார். ஆள் கிடைத்தால் லண்டனையே விற்றுவிடுவேன் என்று அவர் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். விலை கொடுத்துப் பதவி வாங்கியவர் போட்ட முதலை யாரிடமிருந்து எடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ரிச்சர்ட் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிவிட்டார். 1191-இல் சிலுவைப் போரில் பாலஸ்தீனத்தின் ஏக்கர் என்ற நகரம் வீழ்ந்த பின், ஆகஸ்ட் 20-ஆம் தேதி, சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளை வெட்டிக் கொல்ல ஆணையிட்டார். திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் ஆஸ்திரியாவில் பிடிபட்டு, பின்னர் ஜெர்மானியப் பேரரசரின் கைக்குப் போனார். விடுதலைக்காகப் பேசி முடித்த தொகை 1,50,000 மார்க் வெள்ளி. அதைத் திரட்டக் குடிமக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நான்கில் ஒரு பங்கு வரியாகக் கேட்கப்பட்டது. ஆட்டு மந்தைகள் வைத்திருந்த மடங்கள் ஓராண்டுக் கம்பளி முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. தொடர்களில் ஷெரிஃபின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து வரிப் பணத்தைப் பறிக்கும் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும். அந்த வரிகளில் ஆகப் பெரியது நல்ல அரசரை மீட்பதற்காகவே போடப்பட்டது.

அவர் திரும்பி வந்த கதை இதைவிட முக்கியம், ஏனென்றால் அது நாட்டிங்ஹாமிலேயே நடந்தது. 1194 மார்ச் 13-ஆம் தேதி ரிச்சர்ட் இங்கிலாந்தில் கரையிறங்கினார். ஜானின் ஆட்கள் நாட்டிங்ஹாம் கோட்டையை விடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். மார்ச் 25-ஆம் தேதி அரசர் அங்கே வந்து சேர்ந்து, கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் தூக்குமரம் நட்டு, பிடிபட்ட வீரர்கள் சிலரை அதில் தொங்கவிட்டார். மார்ச் 28-ஆம் தேதி கோட்டை பணிந்தது. மறுநாள் அவர் ஷெர்வுட் காட்டைப் பார்க்கப் போனார். அதற்கு முன் அவர் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை, அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்று அவர் காலத்திலேயே எழுதிய ரோஜர் ஆஃப் ஹவ்டன் குறிப்பிடுகிறார். அந்த இடத்தைப் படிக்கும் யாரும் ராபின் மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து மண்டியிடுவான் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். ஹவ்டன் குறிப்பில் அப்படி எவனும் இல்லை. அன்றே அரசர் நாட்டிங்ஹாம் திரும்பிவிட்டார். அடுத்த நாள் தொடங்கிய ஆலோசனை மன்றத்தில் ஷெரிஃப் பதவிகள் மீண்டும் விலைக்கு வந்தன. உழுநிலத்தின் மேல் புது வரி விதிக்கப்பட்டது. மே 12-ஆம் தேதி அவர் பிரான்சில் தன் ஆட்சியில் இருந்த நார்மண்டிக்குக் கப்பல் ஏறினார். 1199 ஏப்ரல் 6-ஆம் தேதி இறக்கும்வரை இங்கிலாந்தில் மறுபடி கால் வைக்கவில்லை. பத்தாண்டு ஆட்சியில் அவர் அந்த நாட்டில் இருந்தது ஏறக்குறைய ஆறு மாதம். மானைக் கொன்றவனின் கண்களைப் பிடுங்கி, விதைகளை அறுக்க வேண்டும் என்ற வனச்சட்ட ஆணை 1198-இல் வந்தது. அது ஜான் போட்ட ஆணை அல்ல, ரிச்சர்ட் போட்டது.

ஜான் நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் ஆட்சியில் 1209 முதல் நாட்டிங்ஹாம் ஷெரிஃபாக இருந்த பிலிப் மார்க்கையும் அவர் சகோதரர்களையும் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று அரசரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தின் 50-ஆம் பிரிவு பெயர் சொல்லியே கேட்கிறது. வரலாற்றில் ஒரு நாட்டிங்ஹாம் ஷெரிஃப் மீது மக்களுக்கும் பிரபுக்களுக்கும் இருந்த கோபம் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவான இடம் வேறில்லை. ஆனால் அண்ணன் தேவதை, தம்பி அரக்கன் என்ற பிரிவினை ஆவணங்களில் இல்லை. தந்தையும் மகன்களும் ஒரே முறையில்தான் பணம் திரட்டினார்கள். தொடர்கள் இந்த ஒன்றை மறைப்பதால், மக்களின் துன்பத்துக்குக் காரணம் ஓர் ஏற்பாடு என்பது மறைந்து, ஒரு கெட்ட மனிதர் என்பது மட்டும் நிற்கிறது. முக்காட்டுச் சட்டையை மன்னித்துவிடும் எனக்கு இதை மன்னிக்க முடிவதில்லை.

பழைய ஆங்கிலக் குடிகளான சாக்சன் குடியானவர்களை நார்மன் ஆட்சியாளர்கள் ஒடுக்கினார்கள் என்ற சட்டகமும் அப்படித்தான். நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-ஐ அடுத்து வந்த தலைமுறைக்கு அது உண்மை. ஆனால் 1170-களில் கருவூலத்தின் நடைமுறைகளை விளக்கி எழுதிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இரு இனத்தாரும் கலந்து மணமுடித்துவிட்டதால் சுதந்திரக் குடிகளில் யார் ஆங்கிலேயர், யார் நார்மன் என்று பிரித்துச் சொல்வதே கடினம் என்கிறார். ராபினை சாக்சன் வீரனாக்கி உலகெங்கும் பரப்பியது வால்டர் ஸ்காட் 1819-இல் எழுதிய ‘ஐவன்ஹோ’ நாவல். அது தேசியவாதம் தளிர்த்த நூற்றாண்டின் கண்ணாடி.

தொலைக்காட்சித் தொடர்களும் அவை பிறந்த ஆண்டுகளின் கண்ணாடிகளாகவே எனக்குத் தெரிகின்றன. பிரிட்டனில் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி தொடங்கிய 1955-ஆம் ஆண்டிலேயே வந்து, 1959 வரை 143 அத்தியாயங்கள் ஓடிய, ரிச்சர்ட் கிரீன் நடித்த தொடரைப் பாருங்கள். குழந்தைகளுக்கான எளிய சாகசமாகத் தோன்றும் அந்தத் தொடரைத் தயாரித்தவர் ஹன்னா வைன்ஸ்டைன் என்ற அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹாலிவுட் வேலை மறுத்து ஒதுக்கிவைத்த எழுத்தாளர்களை அழைத்துப் புனைபெயர்களில் எழுதவைத்தார். அவர்களில் ஒருவரான ரிங் லார்ட்னர் ஜூனியர், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர். காட்டிக்கொடுக்கும்படி வற்புறுத்தப்படும் நண்பன், சட்டத்தின் பெயரால் துரத்தப்படும் நேர்மையானவன் என்று அவர்கள் எழுதியதில் அவர்கள் சொந்த வாழ்க்கை இருக்கிறது.

1984 முதல் 1986 வரை ரிச்சர்ட் கார்ப்பென்டர் எழுத்தில் வந்த ‘ராபின் ஆஃப் ஷெர்வுட்’ இன்னொரு வகை. காட்டுத் தெய்வம்போலக் கொம்பு சூடிய ஹெர்ன், மந்திரவாள், பில்லிசூனியம் எல்லாம் அதில் உண்டு. ஹெர்ன் முதன்முதலில் தலைகாட்டுவது ஷேக்ஸ்பியரின் நாடகத்தில். அதுவும் விண்ட்ஸர் காட்டுப் பேயாக, ஷெர்வுட்டில் இல்லை. நாசிர் என்ற முஸ்லிம் வீரனை ராபின் கூட்டத்தில் சேர்த்ததும் இந்தத் தொடர்தான். பழைய பாடல் எதிலும் அப்படி ஒருவர் கிடையாது. ஆனால் 1991-இல் வந்த ஹாலிவுட் படத்தில் முஸ்லிம் தோழர் ஒருவர் வருகிறார். நீங்கள் பார்த்த 2006 தொடரில் ஜாக் என்ற முஸ்லிம் பெண் வருகிறாள். இருபதே ஆண்டுகளில் ஒரு புதிய பாத்திரம் மரபாகிவிட்டது. இது வரலாற்றுக்கு ஒவ்வாதது என்று பலர் சினம் கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் 1259-ஆம் ஆண்டு அரச ஆணை ஒன்றைக் காட்டுவேன். முன்பு சரசேனாக, அதாவது முஸ்லிமாக இருந்த, எத்தியோப்பியரான பார்த்தலோமியூ என்ற அடிமை எஜமானரிடமிருந்து தப்பி ஓடிவிட்டதாகவும், அவரைக் கண்டால் பிடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தப்பி ஓடிய, தேடப்பட்ட, முஸ்லிமாக இருந்த ஒரு கறுப்பினத்தவர்! ராபின் வாழ்ந்ததற்கு இருப்பதைவிட அவர் வாழ்ந்ததற்குத் தெளிவான சான்று இருக்கிறது.

இந்த ‘ராபின் ஆஃப் ஷெர்வுட்’ தொடரைத் தேடிப் பிடித்து மகளுக்குக் காட்டுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் ரிச்சர்ட் அரசர் திரும்பி வருகிறார். ஜான் ரீஸ் டேவிஸ் நடித்திருக்கிறார். பெருஞ்சிரிப்பும் தாராளமும் கொண்ட மனிதராக, ராபினை மன்னித்துத் தன்னோடு அழைத்துக்கொள்கிறார். எல்லோரும் மகிழ்கிறார்கள். பிறகு ராபின் மெல்ல மெல்லக் கண்டுகொள்கிறான்: இவருக்கு வேண்டியது நார்மண்டிப் போருக்குப் பணமும் ஆளும் மட்டுமே, மக்களின் துன்பம் அவர் காதில் ஏறவே இல்லை. சூனியக்காரர்களும் மந்திரவாள்களும் உலவும் தொடர்தான் 1194-ஐ மிக நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மாறாக, உடையையும் கோட்டையையும் அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்து எடுத்த ஒரு படைப்பு, கடைசிக் காட்சியில் ரிச்சர்டைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால், அதை நான் பிழையுள்ள வரலாறு என்றுதான் சொல்வேன்.

மகளிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். ராபின் இருந்தானா என்று அவள் கேட்டால், பாட்டில் இருந்தான், ஊரறிந்த பெயராக 1262-க்கு முன்பிருந்தே இருந்தான் என்று சொல்லலாம். ராபின் எதை எதிர்த்தானோ அது இருந்ததா என்று கேட்டால், அதைத் தாளிலேயே காட்டலாம். ஜான் இறந்த மறு ஆண்டு, 1217-இல், சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் வனச் சாசனம் வெளியானது. மூலப்படிகளில் இரண்டு இன்றும் இருக்கின்றன. ஒன்று டரம் பேராலயத்துடையது, மற்றொன்று லிங்கன் கோட்டையில் மாக்னா கார்ட்டாவோடு வைக்கப்பட்டிருக்கிறது. மானுக்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்கிறது அது. தண்டம் கட்ட வழியில்லாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையில் இருக்க வேண்டும்; அதன் பின் பிணை கொடுக்க முடியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மானைத் துரத்த முடியாதபடி வனத்துக்குள் வாழ்வோரின் நாய்களுக்கு முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. வெட்டாத நாய்க்குத் தண்டம் மூன்று ஷில்லிங் என்று வரையறுத்தது. பேராயரோ ஆயரோ கோமகனோ பிரபுவோ அரச வனத்தின் வழியே போகும்போது, வனக் காவலர் முன்னிலையில் ஒன்றிரண்டு மான்களை அடித்துக்கொள்ளலாம் என்கிறது இன்னொரு பிரிவு. காவலர் அருகில் இல்லையென்றால், திருடுவதாக யாரும் நினைத்துவிடாதபடி அந்தப் பெரியவர்கள் கொம்பை ஊதிவிட்டு மானை எடுத்துக்கொள்ள வேண்டும்.